தம்பி பதிவு செய்து அனுப்பிய ஆட்டங்கள்

ரங்கூனில் அமெரிக்கப் புட்பாலுக்கு ஒரே ரசிகன் நான்தான் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தூதரகத்து வெள்ளைக்காரர்கள் யாராவது பார்த்திருக்கலாம். ஆனால் ரங்கூனின் ஓரத்தில் இருக்கும் இன்சீனில், ரயில்வே பட்டறைக்குப் பின்னால் இருந்த எங்கள் வரிசை வீடுகளில், அந்த ஆட்டத்தை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. மற்றவர்களுக்குப் பந்து என்றால் உருண்டைப் பந்து, இங்கிலாந்து அணிகள், டீக்கடையில் கூட்டமாக உட்கார்ந்து போடும் கூச்சல். எனக்கு மட்டும் முட்டை வடிவப் பந்து, கவசத் தொப்பி போட்ட தடியர்கள், பனி கொட்டும் ஏரிக்கரை ஊர் ஒன்றின் அணி.

அந்த அணியின் பெயரை எழுதப்போவதில்லை. பெரிய அணி ஒன்றுமில்லை. ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். ஒவ்வொரு வருஷமும் செப்டம்பரில் நம்பிக்கை கொடுத்து, நவம்பருக்குள் அதைப் பிடுங்கிக்கொள்ளும். எனக்கு அதைப் பற்றி அபிப்பிராயங்கள் இருந்தன. பக்கம் பக்கமாக இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ள உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். என் தம்பி.

எண்பத்தெட்டில் ஊர் கொந்தளித்து, காலேஜ்களெல்லாம் மூடப்பட்டபோது தம்பி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். இன்றைக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று காத்திருந்து, கடைசியில் அலுத்துப்போய்க் கப்பல் வேலைக்கு எழுதிப் போட்டான். ரங்கூன் துறைமுகப் பகுதியான போட்டாதாங்கில், படகுத்துறையை ஒட்டிய ஒரு கிடங்கில் நான் குமாஸ்தா. கப்பல்காரர்களைத் தெரியும். அவனை ஏற்றிவிட்டது நான்தான். அமெரிக்காவில் ஒரு துறைமுகத்தில் இறங்கியவன் திரும்ப ஏறவில்லை என்ற செய்தியை, அதே கப்பலில் இருந்த ஒரு மாலுமி எங்கள் கிடங்குக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மா மூன்று நாள் அடுப்புப் பக்கம் போகவில்லை. ஒரு வருஷம் கழித்துத்தான் கடிதம் வந்தது. ஏரிக்கரை ஊரில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை, தங்க இடம் இருக்கிறது, கவலை வேண்டாம்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் இன்னொரு மாலுமி ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அம்மாவுக்குச் சத்து மாத்திரை, ஒரு கம்பளிச் சட்டை, ஒரு வீடியோ டேப். டேப்பின் மேல் அவன் கையெழுத்தில் ‘அம்மாவுக்கு, பனி’ என்று எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரண்ட் இருந்த நேரத்தில், பக்கத்து வீட்டிலிருந்து டெக்கைத் தூக்கி வந்து போட்டோம். பனி எப்படி இருக்கும் என்று அம்மா கேட்டிருந்ததற்காக, டிவியில் பனி கொட்டும் காட்சி வந்ததும் அவன் பதிவு செய்திருந்தான். அது ஒரு மைதானம். வெள்ளை வெளேரென்று கொட்டுகிற பனிக்குள் இருபத்திரண்டு பேர் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள்.

"அடியாத்தி, இந்தக் குளிர்லயா புள்ள கெடக்கான்?" என்றாள் அம்மா. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. கடைசி நிமிஷத்தில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் பந்தைத் தூக்கி வீச, அது பனிக்குள் மறைந்து, மைதானத்தின் மறு கோடியில் ஒருவன் கைக்கு வந்து சேர்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விதி ஒன்றும் தெரியாது. யார் யார் என்றும் தெரியாது. அன்றைக்கே பதில் எழுதினேன்: இது என்ன ஆட்டம், எப்படி ஆடுவது, உடனே விவரமாக எழுது, இன்னும் டேப் அனுப்பு.

அந்தக் கடிதத்தில் பனியைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் கேட்கவில்லை. இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

அவன் எழுதினான். நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு, இல்லாவிட்டால் பந்தை எதிராளியிடம் கொடுக்க வேண்டும். படம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதியிருந்தான். அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை டேப்புகள் வந்தன. கப்பலில் வருகிற யாராவது ஒருவர் கைப்பையில் நாலைந்து டேப் இருக்கும். நானே ஒரு பழைய டெக் வாங்கினேன். செப்டம்பர் ஆட்டத்தைப் பிப்ரவரியில் பார்ப்பேன். முடிவை முன்கூட்டி எழுதக் கூடாது என்று தம்பிக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒரு தடவை மறந்துபோய், ‘நேத்து நம்ம டீம் தோத்துருச்சு, ஊரே உம்முனு இருக்கு’ என்று எழுதிவிட்டான். அதற்கு நான் எழுதிய பதிலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பொறுப்பில்லாதவன் என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் திட்டியிருந்தேன்.

அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் இருந்த பர்மியர் ஒருநாள் வீட்டுக்கு வந்து ஒரு டேப்பைப் பார்த்தார். "சயா, இது ஆட்டமா, அடிதடியா?" என்று கேட்டார். சயா என்றால் ஐயா. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி அங்கே தனியாவா இருக்கார்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் வாய்ப்பில் பந்தை ஏன் ஓடிக்கொண்டு போகக் கூடாது என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சீசன். அதைத்தான் இன்னும் என் சீசன் என்று நினைக்கிறேன். எங்கள் அணியில் பந்து வீசும் குவாட்டர்பேக் வயதானவர், மூளைக்காரர். முதல் ஐந்தாறு ஆட்டங்களை அருமையாக ஜெயித்தார்கள். பிறகு ஒரு ஆட்டத்தில் அவர் வலது தோளில் இரண்டு பேர் சேர்ந்து விழுந்தார்கள். எழுந்து நின்றார், கையை ஒருமுறை உதறினார், விளையாடினார். அதற்கடுத்த வாரமும் விளையாடினார். அவர் வீசிய பந்துகள் முன்பு போய்ச் சேர்ந்த தூரத்துக்குப் போகவில்லை என்பதை நான் கண்டுபிடித்தேன். டேப்பை நிறுத்தி நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்துக் கண்டுபிடித்தேன். முழங்கை முன்பைவிடத் தாழ்வாக வருகிறது. வீசியதும் முகம் சுருங்குகிறது. கோச்சுக்கு இது தெரியவில்லையா? பெஞ்சில் ஒரு இளைஞன் சும்மா உட்கார்ந்திருக்கிறானே, அவனை இறக்கினால் என்ன?

எட்டுப் பக்கம் எழுதினேன். கோச் ஒரு கோழை என்று எழுதினேன். அரைக் கஜம் முன்னேற வேண்டிய இடத்தில் பந்தை உதைத்து எதிராளிக்குக் கொடுக்கிறவன் வீட்டில் எப்படிக் குடும்பம் நடத்துவான் என்று எழுதினேன். காற்றடித்தால் உதைக்கத் தெரியாத உதைகாரனை வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் என்ன பிழைப்பு என்று கேட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா சாப்பிடச் சொல்லு. ஒடம்பு எப்படி இருக்குன்னு கேளு. நாஞ் சொன்னதா எழுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எட்டாம் பக்கத்தின் அடியில் இடம் இருந்தது. ‘அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள்’ என்று சின்ன எழுத்தில் சேர்த்தேன்.

தம்பியிடமிருந்து வந்த பதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ‘பந்து வீசுறவரைப் பத்தியே பேசாதே. அவருக்கு முன்னாடி நிக்கிற அஞ்சு பேரைப் பாரு. இடது கோடியில நிக்கிறவன் ஒவ்வொரு தடவையும் அரை நொடி பிந்தி எழுந்திருக்கான். அவன் ஒழுங்கா தடுத்திருந்தா அந்தத் தோள்மேல யாரு விழுந்திருப்பா?’ என்று எழுதியிருந்தான். டேப்பை மறுபடி போட்டுப் பார்த்தேன். உண்மைதான். எனக்கு ஒரே பெருமை. காலேஜை முடிக்காவிட்டாலும் என் தம்பிக்கு என்ன கூர்மை! அந்த வரியை எதிர் மேசைக்காரரிடம் படித்துக்கூடக் காட்டினேன்.

அதே கடிதத்தின் கடைசியில் வேறொரு வரியும் இருந்தது. ‘எனக்கும் வலது கையைத் தலைக்கு மேல தூக்க முடியலண்ணே. ஈர விரிப்பு கனம் ஜாஸ்தி.’

அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் என்பது பல வருஷம் எனக்கு நினைவிலேயே இல்லை. அந்தச் சீசன் எப்படி முடிந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது. கடைசி ஆட்டத்தில், ஜெயித்தால் மேல் சுற்றுக்குப் போகலாம் என்ற நிலையில், அந்த வயதான மனிதர் ஓடுகிற ஆளுக்கு வீசிய பந்து ஐந்து கஜம் முன்பே விழுந்தது. நான் டிவியை நிறுத்திவிட்டுத் மனம் உடைந்துபோய் ரயில் நிலையம் வரைக்கும் நடந்து போனேன். ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயில் ஒன்று வந்தது. காரணமில்லாமல் ஏறி, ஒரு சுற்று முழுவதும் உட்கார்ந்திருந்து, மறுபடி இன்சீனிலேயே இறங்கினேன். ஆறு மாதத்துக்கு முன் நடந்து முடிந்த ஆட்டத்துக்காக!

இப்படியே வருஷங்கள் போயின. கோச் மாறினான், அடுத்தவனும் அவனைப் போலவே இருந்தான். எனக்குக் கல்யாணம் ஆனது, இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அம்மா இறந்தபோது தம்பியால் வர முடியவில்லை. வந்தால் திரும்பப் போக முடியாது, விசா காகிதங்கள் அப்படி. போனில் ஒரு நிமிஷம் பேசினோம். அவன் அழுதான், நானும் அழுதேன். பிறகு காரியங்கள் முடிந்ததும் விவரமாகக் கடிதம் எழுதினேன்.

டேப் போய் டிஸ்க் வந்தது. கடிதம் போய் ஈமெயில் வந்தது. போட்டாதாங்கில் வேலை முடிந்து கம்ப்யூட்டர் கடைக்குப் போய், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டி அபிப்பிராயம் அனுப்புவேன். அங்கிருந்து பதில் வரும். எப்போதும் கூர்மையாக, சில சமயம் என்னைக் கிண்டல் செய்துகூட. ‘நீ பதினாலாயிரம் மைலுக்கு அப்பால உக்காந்து கோச்சை மாத்தறே. இங்க இருக்கறவங்களாலேயே மாத்த முடியல’ என்று ஒருமுறை வந்தது. தூரம் அவ்வளவு இல்லை என்று அதற்கும் சண்டை போட்டேன்.

பிறகு, இரண்டாயிரத்து எட்டில், அந்தப் பெரும்புயல். எங்கள் வீட்டுக் கூரைத் தகடுகள் பாதி பறந்துவிட்டன. தெருவில் இருந்த மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. நாங்கள் நால்வரும் சமையலறை மூலையில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு பிழைத்தோம். போன் செத்துப்போயிருந்தது. எத்தனையோ நாள் கழித்து ஒரு காலையில் அது மணியடித்தது. தம்பி.

"அண்ணே! அண்ணே, இருக்கியா? மதினி? புள்ளைங்க?"

"எல்லாரும் நல்லாருக்கோம்டா. கூரைதான் போச்சு."

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அப்போது நான் சொன்னேன், "டேப்பெல்லாம் நனைஞ்சு வீணாப் போச்சுடா. அலமாரி அப்படியே சாஞ்சிருச்சு. அந்தத் தோள் அடிபட்ட சீசன் ஒன்கிட்ட காப்பி இருக்கா?"

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"பாக்குறேண்ணே," என்றான் கடைசியில்.

காப்பி வரவில்லை. அதற்கடுத்த வருஷம் அவனுடைய மெயில்கள் சுருங்கிப்போயின. நான் இரண்டு பக்கத்துக்கு அபிப்பிராயம் அனுப்பினால், ‘ஆமாண்ணே, நீ சொல்றது சரி’ என்று ஒரு வரி வரும். ‘என்னடா, ஆட்டத்தில் அக்கறை போய்விட்டதா? உனக்கு அறிவு மங்கிவிட்டதா?’ என்று கோபமாகக் கேட்டேன். ‘வேலை ஜாஸ்திண்ணே’ என்றான்.

இரண்டாயிரத்துப் பத்தில் தம்பி திரும்பி வந்தான். அங்கே இனி இருக்கப் பிடிக்கவில்லை, திரும்பிப் போகப் போவதுமில்லை என்று மட்டும் சொன்னான். விமான நிலையத்தில் எனக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முன் தலை முழுக்க வழுக்கை. பெட்டியை இடது கையால் இழுத்துக்கொண்டு வந்தான். மூத்த பெண்தான் போட்டோவை வைத்துக் கண்டுபிடித்து, "சித்தப்பா" என்று கூப்பிட்டாள். மற்றதெல்லாம் பர்மியத்தில்தான் பேசினாள். அவனுக்குப் பர்மியம் பாதி மறந்துபோயிருந்தது.

அவனுக்காக நான் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். கூரை மேல் டிஷ் மாட்டியிருந்தேன். அவர்கள் திங்கட்கிழமை இரவு ஆடும் ஆட்டம் நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நேரடியாக வரும். அந்த வாரம் எங்கள் அணிக்குத் திங்கட்கிழமை ஆட்டம். வாழ்க்கையில் முதல்முறையாக, நடக்கிற ஆட்டத்தை நடக்கிற நேரத்திலேயே, தம்பியோடு உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்! லீவு போட்டேன். மனைவி மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கி வைத்திருந்தாள். இரண்டு நாற்காலிகளைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டேன்.

முதல் கால்பகுதியிலேயே எங்கள் ஆட்கள் சொதப்ப ஆரம்பித்தார்கள். நான் கத்திக்கொண்டிருந்தேன். "பாத்தியா, இடது கோடி! பழைய கதைதான்! என்ன சொல்றே?"

திரும்பிப் பார்த்தால் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். கிண்ணம் மடியில், தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து.

எனக்குச் சுருக்கென்றது. தோளைத் தட்டினேன். வலியில் துள்ளி எழுந்தான்.

"என்னடா இது? நம்ம ஆட்டம் நேரடியா வருது, நீ பாட்டுக்குத் தூங்குறியே?"

அவன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அண்ணே, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"எனக்கு இந்த ஆட்டம் வெளங்கவே வெளங்காதுண்ணே. என்னிக்குமே பாத்ததில்ல."

நான் சிரித்தேன். விளையாடுகிறான் என்று நினைத்தேன். "அப்ப அந்த லெட்டரெல்லாம்? இடது கோடியில நிக்கிறவன் அரை நொடி லேட்டுன்னு எழுதுனியே?"

"அது நான் இல்ல. எங்கூட விரிப்பு மடிக்கிற ஒரு அம்மா இருந்துச்சு. அந்த ஊர்லயே பொறந்து வளந்தது. புருஷனும் இல்ல. அந்த டீம்னா உசிரு. நீ மொதல்ல வெதி கேட்டு எழுதுனப்ப, எனக்கு ஒண்ணும் தெரியாம அதுக்கிட்டதான் கேட்டேன். அதுதான் படம் போட்டுச் சொல்லுச்சு. அப்புறம் ஒன் லெட்டர் வந்தா, விரிப்பு மடிச்சுக்கிட்டே இங்கிலீஷ்ல சொல்லுவேன். அது பதில் சொல்லும். நான் தமிழ்ல எழுதுவேன்."

"டேப்?"

"அத மட்டும் நான் போட்டேன். ஞாயித்துக்கெழம லீவு. மத்தியானம் பூரா பொட்டி பக்கத்துல உக்காந்து, வெளம்பரம் வந்தா நிறுத்தி, முடிஞ்சா ஓட விட்டு… நடுவுல தூங்கிருவேன். ஒனக்கு வெளம்பரம் வந்தா புடிக்காதுன்னு எழுதுனியே."

திரையில் யாரோ பந்தைத் தவறவிட்டார்கள். கூட்டம் ஊளையிட்டது. நான் அதை அணைத்தேன்.

"அந்தம்மா இப்ப…?"

"போன வருஷம் செத்துப்போச்சுண்ணே. அதுக்கப்புறந்தான் எனக்கு ஒனக்கு என்ன எழுதறதுன்னு தெரியல."

நான்தான் கேட்டேன். இன்றுவரை ஏன் கேட்டேன் என்று தெரியாது. ஒருவேளை நல்ல வார்த்தை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பேன். "என்னப் பத்தி அந்தம்மா என்ன சொல்லும்?"

தம்பி தயங்கினான். "ஒனக்கு ஆட்டம் நல்லாத் தெரியும்னு சொல்லும். கோச்சை விட நல்லாத் தெரியும்னு சிரிக்கும்." பிறகு கீழே பார்த்துக்கொண்டு, "ஒரு தடவ கேட்டுச்சு. ‘ஒங்கண்ணன் எட்டுப் பக்கம் எழுதுறான். ஒன்னப் பத்தி ஒரு கேள்விகூட இல்லையே, நீ படிக்கும்போது விட்டுர்றியா?’ன்னு. ஆமா, அது வீட்டு விஷயம், அத நான் இங்கிலீஷ்ல சொல்றதில்லன்னு சொல்லிட்டேன்."

எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். ஏழு கடல் தாண்டி, முகம் தெரியாத ஒரு பெண்ணிடம், அண்ணனுடைய மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான்.

என் கடிதங்களை அவன் பெட்டியில் வைத்து அப்படியே கொண்டுவந்திருந்தான். அன்று மத்தியானம் அவற்றை அவனிடம் கேட்டு வாங்கி, அவன் என் பெண்களோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது படித்தேன். ‘எனக்கும் வலது கையைத் தூக்க முடியல’ என்று அவன் எழுதியதற்கு நான் எழுதிய பதில் அதில் இருந்தது: ‘நீயே பார், சாதாரண வேலை செய்கிற உனக்கே அப்படியென்றால், பந்து வீசுகிற அந்த மனிதருக்கு எப்படி இருக்கும்? இதைத்தான் நான் சொல்கிறேன், அவரை உடனே உட்கார வைக்க வேண்டும்.’ அதற்குக் கீழே மூன்று பக்கம். அந்த மனிதருக்கு என்ன சிகிச்சை தரலாம் என்றுகூட எழுதியிருந்தேன்.

அம்மா இறந்த பிறகு எழுதிய கடிதத்தையும் எடுத்தேன். விவரமாக எழுதியதாகத்தான் இத்தனை காலம் நம்பியிருந்தேன். முதல் பக்கம் முழுவதும் அம்மாதான். கடைசியாக அவன் பெயரைச் சொன்னது, யார் யார் வந்தார்கள் என்பது. இரண்டாம் பக்கத்தின் நடுவில், ‘நிற்க, இந்த சீசனைப் பற்றி’ என்று ஆரம்பித்திருந்தேன். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

சாயங்காலம் அவன் வந்ததும் தோளைப் பற்றிக் கேட்டேன். அவன் தயங்காமல் சொன்னான். ஈர விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்து இழுத்து உள்ளே சதை கிழிந்துவிட்டதாம். காகிதம் இல்லாதவன் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து ஒரு வருஷம் அப்படியே வேலை செய்தானாம். கடைசியில் அந்தம்மாதான் தன் காரில் ஏற்றி, இலவசமாகப் பார்க்கிற ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. புயல் வந்தபோது, எங்களைப் பற்றிச் செய்தி இல்லாமல் அவன் சாப்பிடாமல் கிடந்த நாட்களில் அவள்தான் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறாள். போன் கிடைத்த அன்றும் அவள் பக்கத்தில் இருந்தாளாம்.

"என்ன சொன்னாருன்னு கேட்டுச்சு. எல்லாரும் நல்லாருக்காங்க, எங்கண்ணன் என்னப் பத்திதான் கவலப்பட்டாருன்னு சொன்னேன்."

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"வேற என்னண்ணே சொல்றது?"

மன்னித்துவிடு என்று அவனிடம் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, ஒனக்குச் சந்தோஷமா இருந்துச்சுல்ல, அது போதும்" என்றான். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

அந்த அணி அந்த வருஷமும் தோற்றது. நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள். டிஷ்ஷில் பெண்கள் கொரியத் தொடர்கள் பார்க்கிறார்கள்.

அந்தம்மாவுக்கு ஒரு மகள் இருப்பதாகத் தம்பி சொன்னான். விலாசம் வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் தாயாரோடு பதினைந்து வருஷத்துக்கு மேல் நான் வாதாடியிருக்கிறேன், அது அவர் என்று எனக்குத் தெரியாது, பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரி, என் தம்பியைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்ல எனக்கு வாய் இல்லை என்று எழுதினேன். பதில் வரவில்லை. வீடு மாறியிருக்கலாம். அல்லது யாரோ ஒரு பைத்தியக்காரன் என்று நினைத்திருக்கலாம்.

தம்பி எங்களோடு மூன்று மாதம்தான் இருந்தான். ரங்கூன் இரைச்சல் தாங்கவில்லை என்றான். என் மனைவியின் உறவினர் ஒருவருக்கு ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் காய்கறித் தோட்டம் இருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. போய்விட்டான். ஒரு கையால் செய்யக்கூடிய வேலையாக அவனே பார்த்துச் செய்கிறான். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறிப் போகிறேன். ஆரம்பத்தில் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினேன். எங்கே தங்கினாய், என்ன சாப்பிட்டாய், யார் கூட இருந்தார்கள். அவன் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வான். ஒருநாள் எரிச்சலாகவே, "இன்ஸ்பெக்டர் மாதிரி கேக்காதண்ணே" என்றான். அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். கத்தரிக்காய் பறிக்கிற கூடையைப் பிடித்துக்கொண்டு சும்மா கூட நடக்கிறேன்.

போன மழைக்காலத்தில், பறித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நிமிர்ந்து, கப்பலிலிருந்து இறங்கிய அன்றைக்கு என்ன நடந்தது என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தான். மெல்லிய சட்டையோடு நடந்தது, ஒரு தமிழ் முகமாவது தெரியுமா என்று பஸ் நிலையத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தது, அப்படியே முதல் குளிர்காலம் முடிகிறவரைக்கும் நடந்ததெல்லாம். நான் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் முழுக்கச் சொன்னான். பிறகு கூடை நிறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். பதினெட்டு வருஷத்தில் ஒரு வருஷத்தைத்தான் கேட்டிருக்கிறேன். மீதியை அவன் சொல்வானா என்று எனக்குத் தெரியாது.